கலகத்தை அடக்குவதும் குடிகளைக் கொல்வதும்



இன்று நான் பேச வந்திருப்பது ஆப்கானிஸ்தானத்தில் அமெரிக்காவும் அதன் கூட்டாளி தேசங்களும் 2001 முதல் 2021 வரை நடத்திய யுத்தத்தைப் பற்றியதாகும். அந்த யுத்தம் நியாயமா அநியாயமா என்று பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஆதலால் அதை ஒரு பக்கம் வைத்துவிடுகிறேன். சண்டையில் சேராத குடிகளின் உயிரைச் சண்டைக்கு நடுவில் காப்பாற்ற முடியுமா முடியாதா என்கின்ற ஒரு கேள்வியை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகிறேன். ஏனென்றால், "யுத்தமென்றால் நாலு பேர் சாகத்தான் சாவார்கள், அது அவர்கள் தலைவிதி" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் நம்மில் அநேகர். காலரா வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தவன் பிழைத்தான்.

2008-ம் வருஷம் ஆகஸ்டு 22-ந் தேதி விடியுமுன், ஹெராத் மாகாணத்து அஜீஸாபாத் என்ற கிராமத்திற்கு ஒரு தாலிபான் தலைவனைப் பிடிக்கப் பட்டாளம் போயிற்று. இறந்துபோன ஒருவருக்கு நினைவு நாள் கொண்டாட வெளியூர் ஜனங்களும் அங்கு கூடியிருந்தார்கள். சண்டை மூண்டதும் ஆகாய விமானம் வந்து வீடுகளின்மேல் சுட்டது. செத்தவர்களெல்லாம் கலகக்காரர்கள் என்று அமெரிக்கப் பட்டாளத்தார் முதலில் சொன்னார்கள். பிறகு, குடிகள் ஐந்தாறு பேர் என்றார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் ஆட்கள் நேரில் போய் விசாரித்து, செத்த குடிகள் 90 பேர், அதில் 60 பேர் குழந்தைகள் என்றார்கள். செல்போனில் எடுத்த பிணங்களின் படம் ஊர் ஊராய்ப் பரவிய பிறகு பட்டாளத்தாரே மறுபடி விசாரணை வைத்து, 33 பேர் என்று ஒப்புக்கொண்டார்கள். பகையாளி ஒருவன் பொய்த் தகவல் கொடுத்துப் பட்டாளத்தை ஏவிவிட்டான் என்பது ஊராருடைய புகார்.

எலிக்காக வீட்டைக் கொளுத்திய கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இங்கே வீடு பக்கத்துக்காரனுடையது, கொளுத்தியவனுக்கு நஷ்டமில்லை. ஆனால் நஷ்டம் உண்டு என்று ஒரு சேனாதிபதியே கண்டுகொண்டார். 2009-ல் அங்கே தலைமைக்கு வந்த ஜெனரல் மக்கிரிஸ்டல் என்பவர் ஒரு கணக்குப் போட்டார். பத்துக் கலகக்காரரில் இரண்டு பேரைக் கொன்றால் மீதி எட்டு என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. செத்த இருவருக்கும் அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன் இருப்பதால் மீதி இருபதாகவும் ஆகலாம் என்பது அவருடைய கணக்கு. கலகக்காரனுக்கே இப்படியென்றால், ஒன்றுமறியாத குழந்தை செத்த வீட்டுக்குக் கணக்கு என்ன?

அஜீஸாபாத்துக்குப் பின்னே 2008 செப்டம்பரிலேயே ஓர் உத்தரவு வந்திருந்தது. மக்கிரிஸ்டல் 2009 ஜூலையில் அதை இன்னும் இறுக்கினார். குடியிருக்கும் வீடுகளின்மேல் விமானக் குண்டு போடுவது, தன் ஆட்களின் உயிரைக் காக்க வேறு வழியே இல்லை என்பது போன்ற சில சமயங்களுக்கு மாத்திரம் என்றார். இதில் தர்மோபதேசம் ஒன்றுமில்லை. வெறும் பட்டாளத்து உத்தரவுதான். பலனைப் பாருங்கள். சர்க்கார் பக்கத்தாரும் அந்நியப் பட்டாளமும் கொன்ற குடிகள், ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி, 2008-ல் 828, 2009-ல் 596, 2010-ல் 440. விமானத் தாக்குதலில் செத்தவர்கள் மாத்திரம் 552-லிருந்து 359 ஆகி, பிறகு 171 ஆனார்கள். இதே காலத்தில் அந்நியப் பட்டாளம் இரட்டிப்பாயிற்று, சண்டையும் பெருகிற்று. ஆகவே விதி என்று சொன்னதெல்லாம், உத்தரவு மாறினால் மாறுகிற விதி!

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே 2010-ல் செத்த குடிகள் மொத்தம் 2,777 பேர். நான்கில் மூன்று பங்கு தாலிபான் முதலிய கலகக்காரர் கையால் செத்தவர்கள். பாதையில் புதைத்த வெடிகள்தான் பெரிய எமன். தீனுக்காகச் சண்டை போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே தீனைச் சேர்ந்த ஜனங்களைத் தான் அவர்கள் கொன்றார்கள்.

எங்கள் கையைக் கட்டிப்போட்டுச் சண்டைக்கு அனுப்புகிறீர்கள் என்று சிப்பாய்கள் முறையிட்டார்கள். இதை நான் அலட்சியம் செய்யவில்லை. துப்பாக்கி சுடும் வீட்டுக்கு எதிரே வயலில் படுத்துக் கிடக்கிறவனுக்கு அவன் உயிரும் உயிர்தான். ஆனால் 2010-ல் பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் வட்டாரம் வட்டாரமாகக் கணக்கெடுத்தபோது, அந்நியப் பட்டாளம் குடிகளைக் கொன்ற இடத்தில் அடுத்த சில வாரங்களில் பட்டாளத்தின்மேல் தாக்குதல் அதிகமாயிருப்பதைக் கண்டார்கள். இன்று தப்பிக்கப் போட்ட குண்டு, நாளைக்கு வேறொரு சிப்பாயின் தலையில் விடிகிறது.

உத்தரவு மாத்திரம் போதுமா என்றால் போதாது. அது வந்து இரண்டே மாதத்தில், 2009 செப்டம்பர் 4-ந் தேதி, குண்டூஸ் பக்கத்தில் தாலிபான்கள் பறித்துக்கொண்டு போன இரண்டு எண்ணெய் லாரிகள் ஆற்று மணலில் சிக்கிக்கொண்டன. சும்மா கிடைக்கிற எண்ணெயைப் பிடிக்க ஊரார் ஓடினார்கள். நம் ஊராயிருந்தால் நாமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். அந்த இடத்து ஜெர்மன் கர்னல், ஒரே ஓர் ஒற்றனுடைய சொல்லை நம்பிக் குண்டு போடச் சொன்னார். முதலில் தாழப் பறந்து பயங்காட்டி விரட்டலாமே என்று விமானிகள் கேட்டார்கள், வேண்டாமென்றார். பிற்பாடு ஜெர்மன் சர்க்கார் குடும்பத்துக்கு 5,000 டாலர் கொடுத்தது. விஷயத்தை மூடியதற்காக ஒரு மந்திரி பதவியை விட்டார். கர்னலுக்குத் தண்டனையில்லை.

கடைசியாக, 2021 ஆகஸ்டு 29-ந் தேதி காபூல். அமெரிக்கர் ஊரைவிட்டுக் கிளம்பும் சமயம். ஒரு வெள்ளைக் காரை ஆளில்லா விமானத்தால் பல மணி நேரம் பின்தொடர்ந்து, அதில் ஏற்றியது வெடிமருந்து என்று தீர்மானித்து அடித்தார்கள். செத்தவர் பத்துப் பேர். ஏழு பேர் குழந்தைகள். அது நியாயமான தாக்குதல் என்று பட்டாளத்துப் பெரிய தலைவரே சொன்னார். பத்திரிகைக்காரர்கள் தெருவுக்குப் போய் விசாரித்து எழுதிய பிறகு, செப்டம்பர் 17-ந் தேதி தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். காரை ஓட்டியவர் பசித்த ஜனங்களுக்கு உதவி செய்யும் ஸ்தாபனத்தில் வேலை பார்த்தவர். ஏற்றியது வீட்டுக்குத் தண்ணீர் கேன்கள். அந்த டிசம்பரில், யாருக்கும் தண்டனையில்லை என்று அறிவித்தார்கள்.

நேரமாகிவிட்டது. தோழர்கள் கேள்வி ஏதாவது கேட்பதாயிருந்தால் கேட்கலாம்.