கூண்டோட இறங்குற தெர்மாமீட்டர்

இன்னைக்கு ஒரு கூண்டுல இருந்து ஆரம்பிக்கலாம்.

2019 செப்டம்பர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துல இருக்கிற கேப் காட் விரிகுடா. லாப்ஸ்டர், அதாவது சிங்கி இறால் பிடிக்கிறவங்க, கடலடியில போட்டிருந்த கூண்டுகளை இழுக்கிறாங்க. சில இடங்கள்ல உள்ளே இருந்ததெல்லாம் செத்துக் கிடக்கு. அடித்தண்ணியில ஆக்சிஜன் ரொம்பக் குறைஞ்சுபோச்சு, அதான் காரணம். வெளியே திரியுற இறால் நகர்ந்து தப்பிச்சிருக்கலாம். கூண்டுக்குள்ள மாட்டினது எங்கே போகும்?

மேலே இத்தனை செயற்கைக்கோள் சுத்துதே, யாருக்கும் முன்னாடியே தெரியலையான்னு நீங்க கேட்கலாம். செயற்கைக்கோளுக்குக் கடலோட மேல்பரப்பு வெப்பம்தான் தெரியும், அடியில நடக்குறது தெரியாது. அதுக்கு ஆர்கோ மிதவைகள் இருக்கு, உலகம் முழுக்கச் சுமார் 4,000. 2,000 மீட்டர் வரைக்கும் இறங்கி, 10 நாளைக்கு ஒரு தடவை மேலே வந்து தகவல் அனுப்பும். ஆனா அது ஆழ்கடலுக்குன்னே செஞ்சது. கேப் காட் விரிகுடா சேர்ந்திருக்கிற மெயின் வளைகுடாவோட சராசரி ஆழம் சுமார் 150 மீட்டர்தான். இந்த மாதிரி ஆழம் குறைஞ்ச கடல்லதான் மீன்பிடிப்பு அதிகம், அளவீடு கம்மி.

சரி, அங்கே அடிக்கடி போறது யாரு? மீனவர்கள்தானே!

இந்த யோசனையில 2001ல தொடங்கினதுதான் 'ஈமோல்ட்' திட்டம். அமெரிக்க அரசின் நோவா அமைப்போட விஞ்ஞானிகளும் மீனவர்களும் சேர்ந்து நடத்துறாங்க. கையில அடங்குற ஒரு வெப்பமானியைக் கூண்டுல கட்டிடுவாங்க. முதல்ல எல்லாம் கருவியைக் கழட்டிக் கொண்டுவந்துதான் தகவலை எடுக்கணும். இப்போ கூண்டு படகுக்கு வந்ததும் புளூடூத்துல தகவல் இறங்கிடும், அங்கிருந்து கரைக்குப் போயிடும். கடல் முன்கணிப்பு சரியா இருக்கான்னு விஞ்ஞானிகள் இதை வெச்சு ஒப்பிட்டுப் பார்ப்பாங்க.

மீனவருக்கு என்ன லாபம்? அடித்தண்ணி எவ்வளவு சூடுன்னு படகுலயே பார்த்துடலாம். அது காசு விஷயம். 2012ல மெயின் வளைகுடா வழக்கத்தைவிட ரொம்பச் சூடாச்சு. இறால் சில வாரம் முன்னாடியே கரைப்பக்கம் வந்து கூண்டுகள்ல நிறைஞ்சுது. வாங்குறதுக்கு சந்தை தயாரா இல்ல, விலை சரிஞ்சுபோச்சு.

2019க்கு அப்புறம் கேப் காட் விரிகுடாவுல மீனவர்களோட கூண்டுகள்லயே ஆக்சிஜன் சென்சாரும் கட்ட ஆரம்பிச்சாங்க. எங்கே ஆக்சிஜன் குறையுதுன்னு தெரிஞ்சா, கூண்டை முன்னாடியே இடம் மாத்திடலாம்.

ஒரு சிக்கல் மட்டும் எப்பவும் இருக்கு. வெப்பநிலையோட சேர்ந்து, எந்த இடத்துல அளந்ததுங்கிறதும் பதிவாகும். கூண்டு போடுற இடம் ஒரு மீனவரோட தொழில் ரகசியம், பக்கத்துப் படகுக்காரர்கிட்டகூடச் சொல்ல மாட்டார். அதை ஒரு விஞ்ஞானியை நம்பிக் கொடுக்கிறார்னா, அந்தத் தகவல் யார் கைக்குப் போகும், தனக்கு என்ன திரும்பி வரும்னு கேட்க அவருக்கு உரிமை இருக்கு. அதுக்கு நேர்மையான பதில் கிடைக்கிற வரைக்கும்தான் அந்தச் சென்சார் கூண்டுல இருக்கும்.