மருந்துக்குப் பேடண்ட்: சட்டம் சொல்வது என்ன?

பேடண்ட் என்றதும், "அது படித்தவர் விவகாரம், நமக்கென்ன?" என்று எழுந்துவிடாதீர்கள். மருந்துக் கடையில் நாம் எண்ணிக் கொடுக்கும் காசில் அதற்கும் பங்கு இருக்கிறது.

புதுப் பொருளையோ செய்முறையையோ கண்டுபிடித்தவனின் சம்மதமில்லாமல் வேறு எவரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று சர்க்கார் கொடுக்கும் உரிமைதான் பேடண்ட். மனுப்போட்ட நாளிலிருந்து 20 வருஷம் அதன் ஆயுள். கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். தொழிலுக்குப் பயன்பட வேண்டும். தொழில் தெரிந்தவனுக்குச் சுலபமாகத் தோன்றுவதாக இருக்கக் கூடாது. நம் மில் ஃபிட்டர் பார்த்தவுடனே, "இதை நானே செய்திருப்பேனே" என்று சொல்லக் கூடியதென்றால் பேடண்ட் கிடையாது! செய்முறையையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். காலம் முடிந்தால் அது எல்லோருக்கும் பொது.

பொருளுக்கு உரிமை, செய்முறைக்கு உரிமை என்று இரண்டு வகை உண்டு. வெல்லத்தை வைத்துச் சொல்வோம். கருப்பஞ்சாறு காய்ச்சும் ஒரு முறைக்கு மட்டும் ஒருவனுக்கு உரிமை என்றால், நாம் வேறு முறையில் காய்ச்சிக் கொள்ளலாம். வெல்லத்துக்கே உரிமை என்றால்? எப்படிக் காய்ச்சினாலும் வழக்குத்தான்.

நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-ல் கொடுத்த அறிக்கையை ஒட்டி வந்த 1970-ம் வருஷச் சட்டம், மருந்துக்குச் செய்முறை உரிமை மட்டுமே தந்தது. நம் நாட்டுக் கம்பெனிகள் வேறு முறையில் அதே மருந்தைச் செய்தன, விலை இறங்கியது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு 2005 முதல் பொருளுக்கே பேடண்ட் திரும்பி வந்துவிட்டது.

ஆனாலும் சட்டத்தில் தடுப்புகள் உண்டு. தெரிந்த மருந்தையே உருமாற்றி, குணத்தில் மேம்பாடு காட்டாமல் பேடண்ட் கேட்க முடியாது என்கிறது 3(டி) பிரிவு. பேடண்ட் கொடுக்கும் முன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். நோவார்ட்டிஸ் கம்பெனி இரத்தப் புற்றுநோய் மருந்தான கிளீவெக்குக்குக் கேட்டபோது புற்றுநோயாளிகளுக்கான சங்கமே ஆட்சேபித்தது. சென்னை அலுவலகம் 2006-ல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் மறுத்தது.

இன்னொன்று கட்டாய லைசென்ஸ். பேடண்ட் கொடுத்து 3 வருஷம் ஆகியும் மருந்து ஜனங்களுக்கு எட்டாவிட்டால், வேறொருவர் அதைச் செய்ய அனுமதி கேட்கலாம். ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான நெக்சவாரைப் பேயர் கம்பெனி சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றது. ஒரு மாத மருந்து, தோழர்களே! 2012 மார்ச்சில் ஹைதராபாத் நாட்கோவுக்கு லைசென்ஸ் கிடைத்தது. விலை 8,880 ரூபாய். நாட்கோ தர்ம ஸ்தாபனமல்ல, லாபக் கம்பெனிதான். கட்டுபடியாகாமலா இறங்கியிருக்கும்? பேயருக்கு ராயல்டியும் உண்டு. முதலில் 6 சதவீதம், பிறகு 7. அதுவும் போதாதென்று பேயர் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2014 டிசம்பரில் அங்கும் தள்ளுபடி.