நெஞ்சின் நடுவே ஒரு புள்ளி
(கோரிப்பாளையத்தில் நடைபெற்ற விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்தைப் பற்றிப் பேச விழைகிறேன். மருத்துவம் நமக்குப் புதிதன்று. காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலமும், கணிமேதாவியார் இயற்றிய ஏலாதியும் மருந்துகளின் பெயரையே தாங்கிய சமண நூல்கள். ஒன்பதாம் நூற்றாண்டினரான உக்கிராதித்தர், ஊன், கள், தேன் மூன்றையும் விலக்கியே கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூலைச் செய்தார்.

இன்று நம் இல்லங்களில் அக்குபங்சர், அக்குபிரஷர் என்னும் சீன மருத்துவ முறைகளும் பரவியுள்ளன. அவற்றுள் புகழ்பெற்ற புள்ளி ஒன்று நெஞ்சின் நடுவே உள்ளது. சீனர் அதனை டான்ஜோங் என்பர். உடலின் முன்புற நடுக்கோட்டில் ஓடும் நாடியில் அது 17ஆம் புள்ளி. இரு மார்புகளுக்கும் இடையே, நான்காம் விலா இடைவெளிக்கு நேராக, நெஞ்செலும்பின் மேல் அமைந்தது. உயிர்வளியின் கூடுமிடம் என்று கருதி, மூச்சிரைப்பு, நெஞ்சிறுக்கம், விக்கல், தாய்ப்பால் குறைவு ஆகியவற்றுக்கு அவர்கள் அதனைக் கையாளுவர்.

நம் நாட்டு முன்னோரும் இவ்விடத்தின் அருமையை அறிந்திருந்தனர். சுசுருதர் கூறிய 107 மர்மங்களுள் இருதய மர்மம், அடிபட்டால் உடனே உயிர் போக்கும் வகையைச் சேர்ந்தது. சித்த மருத்துவம் 108 வர்மங்களை வகுத்து, அவற்றுள் 12 படுவர்மங்களைப் பெருங்கவனத்துக்குரியவை எனக் குறித்தது. ஆற்றும் இடமே அழிக்கும் இடமும் ஆகும் என்பது வர்ம ஆசான்களின் முதற்பாடம்.

அந்தக் கவனம் இன்றும் வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே நெஞ்செலும்பில் ஒரு சிறு துளை இருக்கும்; வெளியே தெரியாது. அத்துளை வழியே ஊசி ஆழமாக இறங்கி, இதயத்தைச் சுற்றிக் குருதி தேங்கி ஒருவர் உயிரிழந்ததை 1995இல் நார்வே மருத்துவர்கள் லான்செட் இதழில் பதிவு செய்தனர். இதனால்தான் தேர்ந்தவர்கள் அவ்விடத்தில் ஊசியை நேராகக் குத்தாமல், தோலின் கீழே சாய்வாகச் செலுத்துவர்.

ஊசியினும் பெரிய இடர் ஒன்று உண்டு; அது காலதாமதம். மனக்கலக்கத்தில் அவ்விடத்தை மெல்ல நீவி, மூச்சை நிதானமாக விடுவது ஆறுதல் தரும், அதில் குற்றமில்லை. ஆனால் நெஞ்சின் நடுவே பாரம் வைத்தாற்போன்ற வலி, இடக்கை, தாடை, முதுகு வரை பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால், அது புள்ளியைத் தேடும் நேரமன்று. பெண்களுக்கும் நீரிழிவுடையோருக்கும் வலியே இல்லாமல் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் தோன்றுவதும் உண்டு. அடைபட்ட குருதிக்குழாயைத் திறக்கக் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை மடிகிறது. முதல் ஒரு மணி நேரமே பொன்னான நேரம்.

நம் மூத்தோர் பலர், குறிப்பாக நோன்பு நாள்களில், இதனை வாய்வு என்று கருதிச் சுக்குக் கஷாயம் அருந்திப் படுத்துவிடுகின்றனர். பிறருக்குத் தொல்லை தரலாகாது என்று விடியும்வரை பொறுக்கின்றனர். நாம் கூடியுள்ள இதே கோரிப்பாளையத்தில், முன்னர் எர்ஸ்கின் மருத்துவமனை எனப்பட்ட அரசு இராசாசி மருத்துவமனை இரவும் பகலும் திறந்திருக்கிறது. 108 என்னும் எண்ணை அழைத்தால் வண்டி வரும். தாமே நடந்து செல்லவோ வண்டியோட்டவோ கூடாது.

ஹிம்சை கவனமின்மையிலிருந்து பிறக்கிறது என்று தத்துவார்த்த சூத்திரம் உரைக்கிறது. பிற உயிர்க்குத் தீங்கு நேராமல் நீரையும் வடிகட்டிப் பருகும் நாம், நம் வீட்டுத் தாயின் நெஞ்சுவலியில் கவனமின்றி இருத்தல் தகுமா? நோன்பு உடலை ஒறுக்கும் தவம். நோயைப் பேணாமல் விடுவது தவமன்று.

பஞ்ச நமஸ்கார மந்திரத்தை நெஞ்சத் தாமரையில் நிறுத்தித் தியானிப்பவர்கள் நாம். அந்த நெஞ்சைக் காப்பதும் அறமே. இவ்விழா முடிந்து இல்லம் திரும்பியதும், வீட்டிலுள்ள மூத்தோரிடம் இவ்வறிகுறிகளை எடுத்துச் சொல்லுங்கள். செலவின்றிச் செய்யத்தக்க ஔடத தானம் அது.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!