ஆனதோத்தில் வாங்கிய நிலம்



துன்பத்தில் இருக்கிறவர் வீட்டுக்குப் போனால் நாம் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. "அழாதீங்க, விசுவாசி அழலாமா? கர்த்தர் பார்த்துக்கொள்வார்." நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் எபிரெயத் தீர்க்கதரிசிகளை வாசித்தவர்களுக்கு அப்படிச் சொல்ல நா எழாது. ஆபகூக் தன் நூலைத் தொடங்குவதே முறையீட்டோடுதான். எரேமியா தான் பிறந்த நாளையே சபித்தார். இப்படிச் செய்துவிட்டீரே என்று கடவுளிடமே வழக்காடினார். வழக்காடினாலும் அவர் கடவுளை விட்டுப் போகவில்லை. அந்த மனிதரைப் பற்றித்தான் இன்று பேசவந்தேன்.

எருசலேமுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் ஆனதோத் என்ற சிற்றூர். ஆசாரியர்களின் ஊர். எரேமியா பிறந்த ஊர். பாபிலோனுக்குப் பணியுங்கள், இல்லையேல் நகரம் அழியும் என்று அவர் சொன்னார். யாருக்குப் பிடிக்கும்? முதலில் கத்தியைத் தீட்டியது சொந்த ஊர்தான். வாயை மூடாவிட்டால் உயிர் போகும் என்று ஆனதோத்தாரே மிரட்டினார்கள். ஆலய அதிகாரி பஸ்கூர் அவரை அடித்துத் தொழுமரத்தில் மாட்டினான். யோயாக்கீம் ராஜா செய்ததைக் கேளுங்கள். குளிர்காலம். எதிரே கணப்பு எரிகிறது. எரேமியா சொல்ல அவருடைய எழுத்தர் பாருக்கு எழுதிய சுருளை ஒருவன் வாசிக்கிறான். மூன்று நான்கு பத்தி வாசித்ததும் ராஜா அதைக் கத்தியால் அறுத்து நெருப்பில் எறிகிறார். முழுச் சுருளும் சாம்பலாகும்வரை இதே வேலை. எரேமியா என்ன செய்தார்? வேறொரு சுருளை எடுத்தார். பாருக்கு மறுபடி எழுதினார். இந்த முறை இன்னும் கூடுதலாகவே எழுதினார்கள்.

பிறகு பாபிலோன் படையின் முற்றுகை வந்தது. போர்வீரரின் மனவுறுதியைக் குலைக்கிறான் என்று குற்றம் சாட்டி, பிரபுக்கள் அவரைத் துரவில் இறக்கினார்கள். தண்ணீர் இல்லை, வெறும் சேறு. அதில் அவர் அமிழ்ந்தார். அந்தப் பிரபுக்கள் கதைக்காக உருவாக்கிய பெயர்கள் என்று எண்ணாதீர்கள். அவர்களில் இருவரின் பெயர் பதிந்த களிமண் முத்திரைகளை அகழாய்வாளர் ஏலாத் மசார் எருசலேமின் தாவீது நகரப் பகுதியில் கண்டெடுத்தார். செலேமியாவின் மகன் யூகாலின் முத்திரை 2005-இல் கிடைத்தது. பஸ்கூரின் மகன் கெதலியாவுடையது 2008-இல்.

அவரைத் தூக்கிவிட வந்தது யார்? சொந்த ஊரான் இல்லை, சக ஆசாரியன் இல்லை. அரண்மனையில் வேலை பார்த்த எத்தியோப்பியன், எபெத்மெலேக்கு. அப்போது ஆண்ட ராஜாவிடம் துணிந்து பேசி அனுமதி வாங்கினான். கயிற்றோடு பழந்துணிகளையும் கந்தைகளையும் இறக்கி, கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னான். என்ன கரிசனம் பாருங்கள்! நகரம் விழும்போது நீ தப்புவாய், நீ என்னை நம்பினாய் என்று கடவுள் சொல்லி அனுப்பியது இந்த மனிதனுக்குத்தான். ஆகவே உங்களை மன்றாடிக் கேட்கிறேன். துன்பப்படுகிறவர் வீட்டுக்குப் போகும்போது வசனத்தோடு நின்றுவிடாதீர்கள். அந்தக் கந்தைத் துணியையும் கொண்டுபோங்கள்.

அதே முற்றுகைக் காலத்தில் இன்னொன்று நடந்தது. காவல்முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியாவிடம் அவருடைய தந்தையின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்றான். மதிலைச் சுற்றிலும் பாபிலோன் படை. அந்த நேரத்தில் நிலத்துக்கு என்ன விலை இருக்கும்? எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். கிரயப் பத்திரம் எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. நெடுநாள் கெடாமல் இருக்க இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டு வைக்கும்படி பாருக்கிடம் கொடுத்தார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் வயலும் விலைபோகும் என்பதுதான் அவருக்குக் கிடைத்த வாக்கு. அப்போதும் அவருக்குக் குழப்பம் இருந்தது. பத்திரத்தைக் கொடுத்த கையோடு, நகரம் எதிரி கைக்குப் போகிறதே, இந்த நேரத்திலா நிலம் வாங்கச் சொன்னீர் என்று ஜெபத்தில் கேட்டார். அதுவும் தன்னைக் கொல்லத் துடித்த ஊரில்! கேள்வி தீரும்வரை அவர் காத்திருக்கவில்லை. முதலில் வெள்ளியை நிறுத்தார். நான் விசுவாசம் என்று சொல்வது இதைத்தான்.

நகரம் விழுந்தது. ஆலயம் எரிந்தது. எஞ்சியிருந்தவர்கள் எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். வாங்கிய நிலத்தில் அவர் விதைத்ததாகவோ அறுத்ததாகவோ வேதத்தில் ஒரு வரி இல்லை. சுமார் அரை நூற்றாண்டு கழித்துப் பாரசீக மன்னர் கோரேசு சிறைப்பட்ட யூதர்களை ஊர் திரும்ப அனுமதித்தார். வந்தவர்களின் கணக்கை எஸ்றாவின் நூல் இரண்டாம் அதிகாரத்தில் ஊர்வாரியாகத் தருகிறது. வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள். ஆனதோத்தின் மனிதர், 128 பேர்.