பொன்னாடைக்குப் பிறகு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவின் மகளிர் பாராட்டு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் கண்ஜாடை வேறு காட்டுகிறார். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

பெண் தலைவர்கள் என்றால் நம் விழா மலர்களில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் பெயர் தவறாமல் வரும். வரத்தான் வேண்டும். புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டு வாங்கி, டாக்டராகி, 1927ல் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போனவர். 1954ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியவர். படிப்பும் பதவியும் உள்ளவர்களைக் கௌரவிக்க நமக்கு நன்றாகத் தெரியும். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு தலைவியை எப்படிக் கௌரவிப்பது என்பதில்தான் நாம் கொஞ்சம் தடுமாறுகிறோம். அதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

மதுரைக்குப் பக்கத்தில், அழகர்கோவில் வட்டாரத்தைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவை உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். சொந்தமாக நிலம் இல்லாத விவசாயக் கூலி. பள்ளிக்கூடம் போனதில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்த்துக்கொண்டு போய், எல்லாருக்குமான கூலியை நிலக்காரரிடம் பேசி வாங்கித் தருகிற கொத்துத் தலைவியாக இருந்தவர். பிறகு களஞ்சியம் இயக்கத்தில் சேர்ந்து, கந்துவட்டியில் சிக்கிய பெண்களைச் சேமிப்புக் குழுக்களாகத் திரட்டினார். 2001ல் டில்லியில் ஸ்த்ரீ சக்தி விருது வழங்கும்போது, பிரதமர் வாஜ்பாய் குனிந்து இந்த அம்மாவின் காலைத் தொட்டு வணங்கினார். அந்தப் படம் வராத பத்திரிகை இல்லை. 2019ல் பத்மஸ்ரீயும் வந்தது.

அதே அம்மா 2024ல், வீடு கட்டித் தருகிறோம் என்று சொன்னார்கள், இன்னும் வரவில்லை என்று சொன்னது செய்தியாக வந்தது. அதற்குப் பிறகுதான் தமிழக முதலமைச்சர் வீடு கட்டித் தர உத்தரவிட்டார். 2001க்கும் 2024க்கும் நடுவில் எத்தனை மேடை, எத்தனை பொன்னாடை! நான் எந்தக் கட்சியையும் குறை சொல்லவில்லை. நாமும் இன்று மூன்று பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். அதனால்தான் இதைச் சொல்லத் தோன்றியது.

நான் முப்பது வருஷம் கிராமத்துக் கிளைகளில் வங்கி வேலை பார்த்தவள். 1992ல் நபார்டு சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, குழுத் தலைவிகளைத் தினமும் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஒரு தலைவி என்ன செய்கிறார் என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மாதா மாதம் எல்லாரிடமும் சந்தா வாங்கி, தீர்மான நோட்டு எழுதவைத்து, வாங்கின கடனைத் திருப்பிக் கட்டவைக்க வேண்டும். ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். புருஷன் குடித்துவிட்டு வந்து, "எம் பொண்டாட்டிக்குப் பணம் குடுக்க நீ யாருடி?" என்று கேட்பான். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளைக்கு ஜுரம் என்றால் இந்தக் கதவைத்தான் தட்டுவார்கள். இத்தனைக்கும் சம்பளம் கிடையாது.

பேங்குக்கு வருகிற அன்று அவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பஸ் காசு வேறு. கவுண்டரில் இருப்பவர் தலையை நிமிர்த்தாமல், "மேனேஜர் லீவு, நாளைக்கு வாம்மா" என்பார். அந்த ஒரு வார்த்தையின் விலை இன்னொரு நாள் கூலி. இப்படி மூன்று தடவை அலைந்த ஒரு தலைவி என்னிடம், "எங்களுக்கு மாலை வேணாம் மேடம், வந்த அன்னிக்கே வேலைய முடிச்சுக் குடுத்தா போதும்" என்றார். என் பணிக்காலத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த ஆலோசனை அதுதான்.

ஊராட்சி விஷயமும் இப்படித்தான். 73வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2016ல் அது பாதியாக உயர்ந்தது. இடம் வந்துவிட்டது. நாற்காலி வந்ததா? 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் வெளிவந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இன்னும் பல ஊர்களில் தலைவர் அம்மா வீட்டில் இருக்க, கணவர் ஆபீசுக்குப் போவார். "தலைவரைக் கூப்பிடுங்க" என்றால் வேட்டி கட்டிய ஒருவர் எழுந்து வருவார்! (சிரிப்பு) நாம் சிரிக்கிறோம். அந்த அம்மாவுக்கு அது சிரிப்பு இல்லை.

மேடையில் இருக்கும் நம் சகோதரி ஒருவர் 2025 ஜனவரி வரை ஊராட்சித் தலைவராக இருந்தவர். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. துணைத் தலைவர் பேனாவைத் தொட மறுத்தால் தெருவிளக்கு பல்புகூட மாற்ற முடியாமல் இருந்தது. அப்படிப்பட்ட சமயத்தில் யாருக்கு மனு எழுதுவது, எந்த விதியைக் காட்டுவது என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்காமல் பல மாதம் அலைந்ததாகக் காலையில் காபி குடிக்கும்போது என்னிடம் சொன்னார். அவர் ஊர் இங்கிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம். நம் சங்கத்திலோ வக்கீல்களுக்குப் பஞ்சமே இல்லை!

ஆகவே நண்பர்களே, ஒரு வேண்டுகோள். இந்தக் கூடத்தில் வக்கீல்கள், ஆடிட்டர்கள், டாக்டர்கள், வங்கிக்காரர்கள், ஓய்வுபெற்ற தாசில்தார்கள் எல்லாம் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், இந்தச் சகோதரிகள் கேட்கிற சந்தேகத்துக்குப் பதில் சொல்ல உங்களால் முடியும். கல்லூரியில் ஓர் அறை தருவதாக முதல்வர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேலை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களும் கிராம சபை நாட்கள். உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். எத்தனை பெண்கள் வந்தார்கள், எத்தனை பேர் வாய் திறந்து பேசினார்கள், என்ன கேட்டார்கள், அது தீர்மான நோட்டில் ஏறியதா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அதை அடுத்த மலரில் போடலாம். என் உரையைவிடப் படிக்க நன்றாக இருக்கும்.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், தொழில், போன் நம்பர், எந்தச் சனிக்கிழமை வர முடியும், இவ்வளவுதான் எழுத வேண்டும். கை கழுவுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள், பிறகு பாயசத்தில் மறந்துபோகும். வக்கீல்கள் முதல் வரிசை.