தில்லிக் குளிரும் இரைப்பு நோயும்

ஐப்பசி பிறந்தால், தில்லிவாழ் தமிழராகிய நம்மில் இரைப்பு நோயுடையோர்க்கு அச்சமும் உடன்பிறந்துவிடுகிறது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல் எரிக்கும் புகை (நம் ஊர் மாடு கண்டால் அதன் வயிறும் எரியும்!) நகரப் புகையோடு கலந்து, குளிர்காற்றில் மேலெழ இயலாது தாழவே தங்குகிறது.

மூச்சுத் திணறியதும் நீல இன்ஹேலரை நாடுகிறோம். திணறல் நின்றதும் நோயையே மறக்கிறோம். அம்மருந்து சுருங்கிய மூச்சுக்குழலை விரிக்குமேயன்றி உள்வீக்கத்தைத் தணிக்காது. தணிப்பது, நாள்தோறும் உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தே. நீல மருந்தை மட்டுமே நம்பியிருத்தல் தகாதென்று ஜீனா என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019-இல் அறிவுறுத்தியது. ஸ்டீராய்டு என்றதும் அஞ்சுவார் உளர். மாத்திரையை நோக்க, உறிஞ்சுவதில் உடம்பிற் சேர்வது சிறிதே. உறிஞ்சியபின் வாய் கொப்பளித்தல் வேண்டும்.

பொங்கலுக்கு ஊர் சென்றதும் மூச்சு எளிதாகிறது. மருந்தோ தில்லி அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. அங்கே போகிப் புகை நம்மை வரவேற்கிறது.