சினத்தை ஆளும் வழி
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



சினம் கொள்ளாதீர் என்று நமக்கு அறிவுரை கூறுவோர் பலர். சினம் மூளும்படி ஏன் நடந்துகொண்டீர் என்று மறுபுறத்தாரைக் கேட்போர் சிலரே. ஆகவே இன்று நாம் பேச முற்படுவது மானத்தை விட்டு அடங்கிப் போவதைப் பற்றியன்று; நம் சினத்தை நாமே ஆள்வதைப் பற்றியே.

கோவையில் கல்வி பயின்ற காலத்தில், தம் சாதி பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைந்ததாக இரட்டைமலை சீனிவாசன் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அந்த இளம் உள்ளத்தின் வேதனையை நாம் உணர முடியும். அவ்வேதனை வீண்போகவில்லை. 1893-இல் இதழாயிற்று, 1924-இல் பொதுச் சாலைகளும் கிணறுகளும் அனைவருக்கும் உரியன என்று சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானமாயிற்று, 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் குரலாயிற்று.

1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம்மவர் நீர் அருந்தினர். அதன்பின் தடிகொண்டு தாக்கப்பட்டனர். திருப்பித் தாக்கத் துடித்த தோழர்களை அண்ணல் தடுத்து நிறுத்தினார். அவர் அஞ்சியதால் அன்று; அடிதடி மூண்டிருந்தால் உரிமைப் போர் வெறும் கலவரமாகிப் போயிருக்கும். வழக்கு நீதிமன்றத்தில் தொடர்ந்தது. 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. பத்தாண்டுக் காலம் அணையாமல் காக்கப்பட்ட சினம் அது!

இனி, நாள்தோறும் நாம் கைக்கொள்ளக்கூடிய எளிய முறைகளைக் காண்போம். சினம் எழும்போது இதயம் விரைந்து துடிக்கிறது; மூச்சு வாங்குகிறது; தசைகள் இறுகுகின்றன. உடல் சண்டைக்கு அணியமாகும் நிலை இது. இந்நிலையில் நாவும் கையும் அறிவை முந்திக்கொள்ளும். ஆதலின் முதலில் உடலைத் தணிக்க வேண்டும். மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதனினும் மெதுவாக வெளிவிடுக. பத்துமுறை இவ்வாறு செய்தால் துடிப்புத் தணியும். இயலுமாயின் அவ்விடம் விட்டகன்று சிறிது தொலைவு நடந்து வருக. தண்ணீர் அருந்துக, சாராயத்தை நாடாதீர். மது சினத்தை அணைப்பதில்லை. அதன் கடிவாளத்தை அவிழ்த்துவிடுகிறது.

உள்ளம் தணிந்ததும் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தது என்ன, எந்த நாள், எந்த நேரம், கூறப்பட்ட சொல் யாது, உடனிருந்தோர் யார் என்று எழுதுங்கள். எழுத எழுத உள்ளம் தெளியும். எழுதிய தாள் சான்றாகவும் நிற்கும். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நம் கையில் உள்ளன. ஓங்கிய ஒரு கை எதிர்வழக்குக்கு இடமளித்து, படித்த இளைஞன் ஒருவனின் வேலைவாய்ப்பையே பாழாக்கக்கூடும். முறையாக எழுதிய ஒரு புகார் கொடியவனைக் கூண்டில் நிறுத்தக்கூடும்.

இன்னுமொன்று கூறியாதல் வேண்டும். நூற்பாலையிலும் தோட்டத்திலும் மேலாளரிடம் விழுங்கிய சினத்தை மாலையில் மனைவியிடமும் மக்களிடமும் கக்குவோர் நம்மிடையே உண்டு. தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பவனே உண்மையில் காப்பவன் என்பது வள்ளுவர் கருத்து. நமக்கு அவ்விடம் நம் வீடே. நம்மை இழிவுபடுத்தியவன் வேறொருவன்; அடி வாங்குவது நம் குழந்தையா? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சற்று நின்று, மூச்சை ஆற்றிக்கொண்டு உள்ளே செல்வோம்.

தோழர்களே, அடுப்பில் இருக்கும் தீ சோறு சமைக்கும்; கூரையில் பற்றிய தீ குடிசையை எரிக்கும். நம் தீயை அடுப்பில் வைப்போம்; அணையவும் விடோம்.